தொடரும் போடுவதா, முற்றும் போடுவதா?

1960-களின் இங்கிலாந்தில் சிறுவர்களுக்கான வார காமிக்ஸ் எதைப் புரட்டினாலும் ஏதோ ஒரு மூலையில் சின்னக் கூப்பன் ஒன்று இருக்கும். இந்த இதழில் பிடித்த மூன்று கதைகளை வரிசைப்படுத்தி எழுது என்று அது கேட்கும். ஆசிரியருக்குக் கடிதம், நகைச்சுவைத் துணுக்கு, போட்டிக்கு விடை என எதை அனுப்பினாலும் இந்தக் கூப்பனையும் வெட்டி இணைக்க வேண்டும். பையன்களுக்கு அது பரிசுக்கான சீட்டு. லண்டனில் ஆசிரியர் மேஜைக்குப் போனதும் அதுவே தீர்ப்புச் சீட்டாகிவிடும். எந்தக் கதை முன்னே ஓடுகிறது, எது பின்தங்குகிறது என்று எண்ணிப் பார்ப்பார்கள். தொடர்ந்து கடைசியில் நிற்கும் கதைக்குச் சீக்கிரமே முடிவு எழுதச் சொல்லிவிடுவார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓரவஞ்சனை இருந்தது. ஒரே இதழில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடும் கதை, எத்தனை வாக்கு வாங்கினாலும் அதற்குப் பயன் இல்லை. கூப்பன்கள் வந்து சேர்ந்து எண்ணி முடிப்பதற்குள் அந்தக் கதை போய்ச் சேர்ந்திருக்கும். வாக்கைப் பணமாக்கிக்கொள்ள அடுத்த வாரமும் வந்து நிற்கிற ஒருவன் வேண்டும். ஆக, தனிக்கதையா, நிலைத்த நாயகனா என்ற கேள்வி இலக்கிய விவாதமாக வருவதற்கு முன்பே வியாபாரக் கணக்கில் பாதி முடிந்துவிட்டது.

அந்த நாளைய வார இதழின் அமைப்பை ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். மலிவான காகிதம், முப்பது நாற்பது பக்கம், எட்டுப் பத்துக் கதைகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு அல்லது மூன்று பக்கம்தான். 1952 பிப்ரவரியில் தொடங்கிய ‘லயன்’ முதல் இதழிலேயே ஓர் இயந்திர மனிதனைக் காட்டுக்குள் நடக்கவிட்டது. தமிழ் வாசகர்கள் ஆர்ச்சி என்று சொந்தம் கொண்டாடும் அதே ரோபோதான். 1962 அக்டோபரில் ‘வேலியண்ட்’ வந்தது. அதில் லூயி கிராண்டெல் என்ற ஆய்வுக்கூட உதவியாளருக்கு ஒரு கை எஃகு. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துபோகும், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இவரை இங்கே அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இவர்தான் இரும்புக்கை மாயாவி.

ஜெசுஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர் வரைந்த அந்தக் கை, வாரம் இரண்டு மூன்று பக்கம் மட்டுமே வாசகன் கண்ணில் பட்டது. முதல் கட்டத்தில் போன வாரம் நடந்ததை ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். கடைசிக் கட்டத்தில் யாராவது ஆபத்தில் மாட்டியாக வேண்டும். நடுவில் கிடைக்கும் பத்துப் பன்னிரண்டு கட்டங்களில்தான் கதை நகர வேண்டும். இந்த இடநெருக்கடியில் புதிதாக ஒரு ஆளை அறிமுகம் செய்து, அவன் ஊரையும் குணத்தையும் சொல்லி, சிக்கலை உண்டாக்கித் தீர்ப்பது எந்தக் கதாசிரியருக்கும் தலைவலி. ஏற்கெனவே தெரிந்த ஆள் என்றால் அறிமுகச் செலவு மிச்சம். எஃகுக் கை ஒன்று கதவிடுக்கில் தெரிந்தாலே போதும், கதை ஓட ஆரம்பித்துவிடும்.

நாயகனுக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. அது தொழிலில் உள்ளவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். பிரிட்டிஷ் பதிப்பகங்கள் புது இதழ் ஒன்றைத் தொடங்கும், விற்பனை சரிந்தால் வேறோர் இதழோடு சேர்த்துக் கட்டிவிடும், கொஞ்ச நாள் இரண்டு பெயரையும் அட்டையில் போடும், பிறகு சத்தமில்லாமல் ஒரு பெயரை எடுத்துவிடும். பிறப்பு, கல்யாணம், கருமாதி என்று அந்த அலுவலகங்களில் இதைக் கேலியாகச் சொல்வார்கள். இரண்டு இதழ் ஒன்றாகும்போது வாசகன் பின்னாலேயே வர வேண்டுமே! அவனை இழுத்து வரும் கயிறு நாயகன்தான்.

ஆடம் எட்டெர்னோ என்ற பாத்திரத்தின் பயணம் இதற்கு நல்ல சாட்சி. சாகாவரம் தரும் திரவத்தைக் குடித்துவிட்டு நூற்றாண்டுகளாக அலையும் ரசவாதியின் உதவியாளன் அவன். தங்க ஆயுதம் பட்டால் மட்டுமே சாவு. 1970-ல் ‘தண்டர்’ இதழில் பிறந்தான். அந்த இதழ் 22 வாரங்களில் படுத்துவிட, 1971-ல் ‘லயன்’ இதழுக்குக் குடிபோனான். 1974-ல் லயனும் படுத்தது. ‘வேலியண்ட்’ இதழில் போய் இருந்துகொண்டான். 1976-ல் அதுவும் ‘பேட்டில்’ இதழோடு கரைந்தது. தங்கத்துக்குத் தப்பினாலும் விற்பனைக் கணக்குக்குத் தப்ப முடியவில்லை. ஆனாலும் தாய் இதழ் செத்த பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் உயிரோடு இருந்தான். தண்டரில் வந்த ஒற்றைக் கதை எதற்காவது அந்த யோகம் உண்டா?

இவ்வளவையும் கேட்டால் தனிக்கதைக்கு அந்த நாட்டில் இடமே இல்லை என்று தோன்றும். அப்படியும் இல்லை. டண்டீ நகரத்து டி.சி. தாம்சன் நிறுவனம் 1961-ல் ‘கமாண்டோ’ என்ற கையடக்கப் புத்தகத்தைத் தொடங்கியது. ஒரு புத்தகம், ஒரு போர்க்கதை, அதிலேயே முற்றும். அடுத்ததில் வேறு சிப்பாய், வேறு போர்முனை. 2017-ல் 5000-ஆவது இதழைத் தாண்டி இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ரயில் ஏறும் முன் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். முந்தைய புத்தகத்தைப் படித்திருக்கத் தேவையில்லை, அடுத்ததற்குக் காத்திருக்கவும் வேண்டாம். அறுபதுக்கு மேல் பக்கம் கையில் இருக்கும்போது புதிய ஆளை நிதானமாக அறிமுகம் செய்துகொள்ளவும் முடிகிறது. பல கதைகள் நெருக்கியடிக்கும் வார இதழில்தான் தனிக்கதை மூச்சுத் திணறியது.

சிறுமிகளுக்கான இதழ்களில் கதையே வேறு. ‘டாமி’, ‘மிஸ்டி’ போன்றவற்றில் பத்துப் பதினைந்து வாரம் ஓடி ஒழுங்காக முடிந்துவிடும் தொடர்கள் அதிகம். 1978-ல் வந்த ‘மிஸ்டி’யில் வாரந்தோறும் தனிக்கதைகளும் உண்டு. பேராசைப்பட்ட பெண், பொறாமைப்பட்ட பெண், யாரையோ ஏமாற்றிய பெண் என ஒருத்தி வருவாள். நான்கு பக்கத்துக்குள் கண்ணாடியிலோ பொம்மையிலோ சிக்கி மீளாமல் போவாள். அடுத்த வாரமும் அவள் வரப்போவதில்லை என்பதால் அவளுக்கு என்ன வேண்டுமானாலும் நேரலாம். நிலைத்த நாயகனின் கதையில் கிடைக்காத நிஜமான பயம் இதில் கிடைத்தது. ஆனால் 1980 ஜனவரியில் மிஸ்டியை டாமியோடு சேர்த்தபோது, எடுத்துப் போக நாயகி என்று யாரும் இல்லை. கதைகளுக்கு முன்னுரை சொல்லும் மிஸ்டி என்ற அந்த மாயப் பெண்ணின் பெயர் மட்டும் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்தது.

கதைகள் மாறிக்கொண்டே இருக்க, சொல்கிறவர் மட்டும் மாறாதிருப்பது பழைய உத்தி. அம்புலிமாமா வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மாதம் ஒரு கதை முடியும், வேதாளம் மட்டும் திரும்ப முருங்கை மரம் ஏறும். அமெரிக்காவில் 1950-களின் தொடக்கத்தில் ஈ.சி. நிறுவனம் திகில் இதழ்களை விற்றதும் இதே உத்தியில்தான். பல்லிளிக்கும் கிழங்கள் மூன்று பேர் முறைவைத்துக் கதை சொல்வார்கள். பிறகு இன்னொரு பதிப்பகம் 1969-ல் வாம்பிரெல்லா என்ற பெண்ணை இதே வேலைக்கு வைத்தது. அடுத்த ஆண்டே, 8-ஆவது இதழில், கதை சொல்ல வந்தவள் கதைக்குள் குதித்து நாயகியாகிவிட்டாள். விற்பனைக்கு முகம் தேவைப்படும்போது வாசற்படியில் நிற்பவரையே உள்ளே கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

அமெரிக்கச் சூப்பர் ஹீரோக்களில் சிலரும் தனிக்கதை இதழ்களின் வயிற்றில் பிறந்தவர்களே. 1962 ஜனவரி தேதியிட்ட ஓர் இதழில் ஹென்றி பிம் என்ற விஞ்ஞானி எறும்பளவுக்குச் சுருங்கி, புற்றுக்குள் சிக்கி, தப்பித்து, இனி இந்த விபரீதம் வேண்டாம் என்று மருந்தையே கொட்டிவிடுகிறார். முற்றும். சில மாதம் கழித்து அதே இதழில் அவரே ஆன்ட்மேனாகத் திரும்பினார். கொட்டிய மருந்து மறுபடி தயாரானது! அதே ஆண்டில், மூடப்போகிற இன்னொரு தனிக்கதை இதழின் கடைசிப் பிரதியில்தான் ஸ்பைடர்மேனும் வந்தான். பிறகு அமெரிக்கா ஒரு நாயகனுக்கு ஓர் இதழ் என்ற வழக்கத்திலேயே ஊன்றிவிட்டது. பல கதைகள் சேர்ந்த வார இதழை விடாமல் பிடித்திருந்தது பிரிட்டன்தான்.

1977 பிப்ரவரியில் அங்கே ‘2000 ஏடி’ வந்தது. எட்டு பென்ஸ் விலை, கூடவே வீசி விளையாட ஒரு பிளாஸ்டிக் தட்டு இலவசம். அந்த இதழை வடிவமைத்த பாட் மில்ஸ் வழக்கத்துக்கு மாறாக ஒரு காரியம் செய்தார். எட்டுப் பத்துக் கதைகளைத் திணிக்காமல் ஐந்தோடு நிறுத்தி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தைக் கூட்டினார். ஓவியருக்குக் கைநீட்ட இடம் கிடைத்தது. ஐந்து பக்கத்தில் ஒரு கதையைத் தொடங்கி முடிக்கவும் முடிந்தது.

இரண்டாவது இதழில் ஜட்ஜ் ட்ரெட் வந்தார். உருவாக்கியவர்கள் கதாசிரியர் ஜான் வாக்னரும் ஓவியர் கார்லோஸ் எஸ்குவெராவும். அச்சேறிய முதல் அத்தியாயத்தை வரைந்தது மைக் மக்மஹோன் என்ற இளைஞர். அதில் எஸ்குவெராவுக்கு வருத்தம் உண்டு. அந்த முதல் கதை ஒரு தனிக்கதை. எதிர்காலப் பெருநகரம் மெகா சிட்டி ஒன். நீதிபதி ஒருவரைக் கொன்ற கும்பலின் தலைவனை ட்ரெட் தனியாளாகப் போய்ப் பிடிக்கிறார். தண்டனை, டெவில்ஸ் தீவில் ஆயுள் சிறை. தீவு என்றால் கடல் நடுவே இருப்பது இல்லை. இராப்பகல் ஓயாமல் அதிவேகத்தில் வண்டிகள் பாயும் நெடுஞ்சாலைகளுக்கு நடுவே விடப்பட்ட ஒரு திட்டு. சுவரும் வேண்டாம், காவலும் வேண்டாம். ஐந்தே பக்கத்தில் ஒரு குற்றம், ஒரு துரத்தல், ஒரு கசப்பான சிரிப்பு. நாயகனைப் பற்றி மூடிய தலைக்கவசத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. நகரத்தைப் பற்றி நிறையத் தெரிந்துவிடுகிறது.

ட்ரெட்டின் ஆயுள் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. வாரத்துக்கு வாரம் வேறொரு பைத்தியக்காரத்தனம் நகரத்தைப் பிடிக்கும்; ட்ரெட் வந்து தண்டனை விதித்துவிட்டுப் போவார். அப்படிப்பட்ட கதைகளில் நாயகன் ட்ரெட் இல்லை, அந்த ஊரும் அதன் அப்பாவிக் குடிமக்களும்தான். தனிக்கதையின் சுதந்திரம் கைவிட்டுப் போகவில்லை, கூப்பனுக்குத் தேவையான பெயரும் கிடைத்துவிட்டது. முதல் சில மாதங்களிலேயே ரோபோக்களின் கலகம் என்று பல வாரம் ஓடிய தொடர் ஒன்றைப் போட்டார்கள். ட்ரெட்டின் செல்வாக்கு ஏறியது. 1978-ல் பாழடைந்த அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் நெடும்பயணம் 25 வாரம் ஓடியது. பெரிய தொடர் முடிந்ததும் சிறுகதைகள், பிறகு மறுபடி பெரிய தொடர் என்று வாக்னர் மாற்றி மாற்றிப் பரிமாறினார்.

இன்னொன்றும் செய்தார்கள்: ட்ரெட்டுக்கு வயது ஏறவிட்டார்கள். 1977-ல் வந்த முதல் கதை 2099-ல் நடக்கிறது. நம் ஊரில் ஒரு வருடம் போனால் அங்கும் ஒரு வருடம் போகும். 1982-ல் வந்த அணு ஆயுதப் போர்த் தொடரில் 80 கோடி மக்கள் இருந்த நகரத்தில் பாதிப் பேரைக் கொன்றார்கள். கதை முடிந்ததும் எல்லாம் பழையபடி என்று துடைத்துப் போடவில்லை. செத்த 40 கோடி செத்ததுதான். மிஸ்டியின் தனிக்கதைக்கு இருந்த அந்த நிஜமான பயம் இப்படித்தான் தொடர்கதைக்குள் வந்தது. பத்து வயதுப் பையன்களுக்கான இதழில் இதைத் துணிந்தவர்களுக்கு என் மதிப்பில் தனி இடம் உண்டு.

அதே 1977-ல், 25-ஆவது இதழில், ஸ்டீவ் மூர் என்ற எழுத்தாளர் ‘ஃபியூச்சர் ஷாக்ஸ்’ என்ற வரிசையைத் தொடங்கினார். இரண்டு முதல் ஐந்து பக்கம் வரை வரும் விஞ்ஞானத் தனிக்கதைகள், கடைசிக் கட்டத்தில் ஒரு திருப்பம். பெரிய கதை ஏதாவது நேரத்துக்கு வராவிட்டால் ஓட்டையை அடைக்க உதவும். புதியவர்களின் கையைச் சோதித்துப் பார்க்கவும் உதவும். ஆசிரியர் குழுவுக்கு அது ஒரு வசதி, அவ்வளவுதான்.

இந்த வசதி பெரிதாக வளர்ந்ததற்குப் பின்னால் ஒரு சின்னக் குறும்பு இருக்கிறது. அதுவரை பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் எழுதியவர், வரைந்தவர் பெயர் போடும் பழக்கம் பெரும்பாலும் கிடையாது. போட்டி நிறுவனம் ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயம். வாசகனுக்குத் தெரிந்த பெயர்கள் மாயாவி, ஆர்ச்சி, ‘லயன்’ இதழில் வந்த ஸ்பைடர் என்று பாத்திரங்களின் பெயர்கள் மட்டுமே. அவன் பிடித்துக்கொள்ள வேறு கொழுகொம்பு இல்லை. ஸ்பைடரின் கதைகளை முதலில் எழுதியது டெட் கோவன், அடுத்து எழுதியது சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்பது அன்றைய பையன்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? 2000 ஏடியில் கெவின் ஓநீல் என்ற கலைஞர், கதையோரம் ஒரு சின்ன அட்டைபோல் வரைந்து அதில் கதாசிரியர், ஓவியர், எழுத்தமைத்தவர் பெயரை நுழைத்துவிட்டார். அது நிலைத்தும் விட்டது.

பெயர் வந்ததும் தனிக்கதைக்கும் தொடர்ச்சி வந்துவிட்டது. 1980-க்குப் பிறகு ஆலன் மூர் என்ற பெயர் அந்த அட்டையில் அடிக்கடி தெரிந்தது. 1983-ல் அவர் எழுதி மைக் ஒயிட் வரைந்த ஒரு கதையில் ஒரு சாதாரண மனிதனின் வாழ்க்கை பின்னோக்கி ஓடுகிறது. தெருவில் செத்துக் கிடப்பவன் எழுந்து நடக்கிறான். அம்மாவைக் குழியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள். மனைவி நாளாக ஆக அந்நியமாகி ஒருநாள் யாரோ ஆகிவிடுகிறாள். கடைசியில் அவன் பிறக்கிறான், அதாவது இல்லாமல் போகிறான். எல்லாம் நான்கே பக்கம். அலட்டல் இல்லாத குரலில் அவனே சொல்லிக்கொண்டு போகிறான். இந்த மனிதன் அடுத்த வாரம் வர முடியாது, வரவும் தேவையில்லை. இதை எழுதியவர் அடுத்த வாரம் என்ன எழுதுவார் என்று வாசகன் காத்திருக்கத் தொடங்கினான். நாயகன் வகித்த இடத்தில் கதாசிரியர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

இத்தனைக்கும் பிறகும் கூப்பன் தன் வேலையைக் காட்டாமல் இருக்குமா? 1983-ல் மூரும் ஓவியர் ஆலன் டேவிஸும் ஒரே ஒரு தனிக்கதைக்காக இரண்டு வேற்றுக்கிரகக் கல்லூரிப் போக்கிரிகளை உருவாக்கினார்கள். பூமியின் சரித்திரத்தையே விளையாட்டாகக் குலைத்து, கடைசியில் பூமியை அழிய வைக்கும் டி.ஆர்., குவின்ச் என்ற ஜோடி. பூமியே போன பிறகு என்ன பாக்கி? ஆனால் வாசகர்களுக்குப் பிடித்துப்போனது. அடுத்த ஆண்டே இருவரும் தொடராகத் திரும்பி வந்தார்கள்.

பெயர் தெரிந்த எழுத்தாளன் உரிமையும் கேட்பான். 2000 ஏடியில் எழுதிய எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம். நான்கு பக்கக் கதையை இழப்பது ஒன்று, வருடக்கணக்கில் வளர்க்கப்போகும் பாத்திரத்தை இழப்பது வேறு. 1984-ல் மூரும் இயன் கிப்சனும் தொடங்கிய ஹேலோ ஜோன்ஸ், ஒரு சாதாரணப் பெண்ணின் வாழ்க்கையை இளமையிலிருந்து முதுமை வரை ஒன்பது பாகங்களில் சொல்வதாகத் திட்டம். 1986-ல் மூன்றாம் பாகத்தோடு நின்றது. உரிமைப் பிரச்சினையில் மூர் விலகிவிட்டார். ‘குரோனோகாப்ஸ்’ என்ற தனிக்கதையை அவருக்காக வரைந்த டேவ் கிப்பன்ஸோடு சேர்ந்து அமெரிக்க நிறுவனத்துக்கு ‘வாட்ச்மென்’ எழுதினார். 12 இதழ், தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு.

நாயகனை முடித்துவைக்க நினைப்பவர்களுக்கும் சிக்கல்தான். ‘ஸ்டார்லார்ட்’ என்ற இதழ் 1978-ல் 22 வாரத்தோடு 2000 ஏடியில் கலந்தபோது கூடவே வந்தவன் ஜானி ஆல்ஃபா, ‘ஸ்ட்ரான்டியம் டாக்’ தொடரின் நாயகன். 1990-ல் அவனைச் சாகடிக்க முடிவானது. பத்து வருடத்துக்கு மேல் அவனை வரைந்த எஸ்குவெரா, அந்தச் சாவை வரைய மாட்டேன் என்று மறுத்துவிட்டார். வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். இருபது வருடம் கழித்து அதே ஆல்ஃபாவை உயிரோடு கொண்டுவந்தபோது வரைந்தவர் எஸ்குவெரா.

சிவகாசிக்கு வந்தால் இந்த வழக்கே வேறு ரூபம் எடுக்கிறது. 1972-ல் முத்து காமிக்ஸும் 1984-ல் லயன் காமிக்ஸும் தொடங்கியபோது அவை வாங்கி வந்த நாயகர்களில் பலர் இந்த லண்டன் வார இதழ்களின் பிள்ளைகள். வாரத்துக்கு இரண்டு பக்கம் வெளியிட இங்கே வழியில்லை. தமிழ் வாசகனுக்கு மாயாவியும் ஸ்பைடரும் முழுநீளப் புத்தகமாகவே கிடைத்தார்கள். அதற்குத் தோதான சரக்கும் லண்டனிலேயே இருந்தது: ஃப்ளீட்வே நிறுவனம் 1967-ல் தொடங்கிய கையடக்க நூல்வரிசைகளில் மாயாவி, ஸ்பைடர் ஆகியோரின் முழுக்கதைகள் வந்தன. தமிழில் வந்த மற்ற நாயகர்களான ஜானி நீரோவும், லாரன்ஸ்-டேவிட் ஜோடியும் அந்த வரிசைகளிலிருந்தே வந்தவர்கள். வார இதழ்த் தொடர்களைத் தொகுத்துப் போட்ட கதைகளில் மட்டும் பழைய தையல் தெரியும். இரண்டு மூன்று பக்கத்துக்கு ஒருமுறை காரணமே இல்லாமல் யாராவது மலை விளிம்பில் தொங்குவார்கள், அடுத்த கட்டத்திலேயே ஏறி வந்துவிடுவார்கள்.

இங்கிலாந்தில் அந்தப் பழைய வார இதழ்கள் பரணிலும் பழைய பேப்பர் கடையிலும் கிடந்தன. 2000 ஏடியை நடத்தும் ரெபெல்லியன் நிறுவனம் 2016-லும் 2018-லும் ஃப்ளீட்வே களஞ்சியத்தின் உரிமைகளை வாங்கியது. 2021-ல் தான் அது மாயாவியின் வேலியண்ட் தொடரையும் ஸ்பைடரின் லயன் தொடரையும் புத்தகங்களாகத் தொகுத்து வெளியிடத் தொடங்கியது.